கேடயக்காரன் கட்சி மாறினான்

கூடப்பிறந்தவளின் வீட்டுப் படியை ஒரு மனிதர் பதினேழு வருஷம் மிதிக்கவில்லை என்றால், சொத்துத் தகராறு இருக்கும், வெட்டுக்குத்து இருக்கும், குறைந்தது ஒரு வரப்புச் சண்டையாவது இருக்கும் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். மருதுபாண்டி விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற ஒரு சினிமா கம்பெனி, தன் படங்களை எந்த டிஸ்க்கில் போட்டு விற்பது என்று முடிவெடுத்தது. அதற்காகக் காரைக்குடியில் ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. சொன்னால் சிரிப்பு வரும். செந்தாமரையைத் தெரிந்தவர்களுக்கு வராது.

செக்காலை ரோட்டில் மருதுபாண்டி வீடியோ கடை போட்டபோது செந்தாமரை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முந்தியே போய்விட்டார். அம்மாவும் போனபிறகு அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். அவளுக்குத் தலைவாரிப் பின்னவும் கற்றுக்கொண்டார், பின்னல் கோணலாகத்தான் வரும். கடைக்கு அவள் பெயரையே வைத்து 'செந்தாமரை வீடியோஸ்' என்று போர்டு மாட்டினார். போர்டைப் பார்த்துத் தெருப் பையன்கள் கேலி பண்ணுகிறார்கள் என்று அவள் அழுதுகொண்டு வந்தாள். போர்டை மாற்றவில்லை, பையன்களை இரண்டு தட்டுத் தட்டி வைத்தார்.

பாலிடெக்னிக் படித்த கோபிநாத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். எந்த பிளேயரைக் கொடுத்தாலும் பிரித்துப்போட்டு ஓட வைத்துவிடுகிற கை கோபிநாத்துக்கு. இப்படிப்பட்ட மாப்பிள்ளையை வெளியே விடுவானேன் என்று கடையிலேயே கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குக் கழனிவாசலில் வீடு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பைக்கில் கடைக்கு வருவார்கள், ஒரே பைக்கில் போவார்கள். இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் ஊரில் உண்டு. அந்தக் கண்ணும் பட்டிருக்கலாம் என்று மருதுபாண்டியின் மனைவி பொன்னுத்தாயி இன்றைக்கும் சொல்லுவாள். கண் என்ன செய்யும்? வாய்தான் செய்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளில் சுவர் அகலத்துக்கு டிவி மாட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த டிவிக்குப் பழைய டிவிடி பற்றாது, இன்னும் துல்லியமாகப் படம் காட்டுகிற டிஸ்க் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் வம்பில்லை. இரண்டு வந்தன. ஒன்று ஹெச்டி டிவிடி, இன்னொன்று புளூரே. பார்வைக்கு இரண்டும் ஒரே வட்டம், ஒரே மினுமினுப்பு. ஆனால் இதன் பெட்டியில் அது ஓடாது, அதன் பெட்டியில் இது ஓடாது.

ஹாலிவுட் கம்பெனிகளும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று பாய் பிரித்து உட்காருவது போல இரண்டு பக்கமாக உட்கார்ந்துகொண்டன. அந்தக் கம்பெனிகளின் பெயர் மருதுபாண்டியின் வாயில் நுழையாது. படம் தொடங்குமுன் வருகிற சின்னத்தை வைத்துத்தான் சொல்லுவார். உருண்டைக்காரன் ஹெச்டி டிவிடி பக்கம். தீப்பந்தம் பிடித்து நிற்கிறவளும் கோட்டைக்காரனும் புளூரே பக்கம். மலைக்காரனும் கேடயக்காரனும் மட்டும் இரண்டிலும் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தாற்போல இருந்த பிரவுசிங் சென்டரில் தினமும் காலையில் போய் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் என்று அங்கே வேலை பார்த்த பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்துதான் கடையைத் திறப்பார். சட்டசபைத் தேர்தலுக்குக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

மருதுபாண்டிக்கு ஹெச்டி டிவிடி மேல்தான் பிடிமானம். விலை குறைவு. பெயரிலேயே டிவிடி இருக்கிறது, ஜனங்களுக்குப் பழகிய பெயர். எல்லாவற்றுக்கும் மேல், அதுதான் முதலில் வந்தது. கோபிநாத்துக்குப் புளூரே. அதில் இடம் அதிகம், பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடுகிற பெட்டியிலேயே அது ஓடும், அதனால் வீடு வீடாகத் தானாகவே நுழைந்துவிடும் என்பது அவன் கணக்கு. இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள். அதுதான் வினை. கடையோ சின்னது. இரண்டையும் வாங்கி அடுக்க முடியாது, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

"கேடயக்காரன் ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி மாப்ளே. எங்க சுத்துனாலும் கடைசியில மூத்தவ வீட்டுக்குத்தான் வந்து சேருவான்" என்பார் மருதுபாண்டி.

"மூத்தவ வீட்டுக்குச் சாப்பிட வருவான் மச்சான். கெடக்குறதெல்லாம் எளையவ வீட்டுலதான்" என்பான் கோபிநாத்.

கடைக்கு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த ஆவணியில் மலைக்காரன் புளூரேயை விட்டுவிட்டு ஹெச்டி டிவிடி பக்கமே வந்துவிட்டான். மருதுபாண்டி செக்காலை ரோடு முழுக்க ஜிலேபி கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலே எல்லோரும் வாங்கித் தின்றார்கள். செந்தாமரையும் தின்றுவிட்டு, "யாருண்ணே அந்த மலைக்காரன், நமக்கு என்ன மொறை?" என்று கேட்டாள். அவள் மகள் விசாலிக்கு அப்போது மூன்று வயது. அது ஜிலேபியைத் தலையிலெல்லாம் பூசிக்கொண்டது.

இனி மிச்சம் இருந்தது கேடயக்காரன் ஒருவன். அவன் எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேனம்மை ஆச்சி கடைக்கு வந்தார்கள். கானாடுகாத்தான் பக்கம் இருந்த தங்கள் பெரிய வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள் ஆச்சி. அதில் விருந்தாளிகள் படம் பார்க்க ஓர் அறை. எந்தப் பெட்டி வாங்கலாம், எந்த டிஸ்க் வாங்கி அடுக்கலாம் என்று மருதுபாண்டியிடம் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஹெச்டி டிவிடி என்றார்.

கோபிநாத் குறுக்கே விழுந்தான். "ஆச்சி, கொஞ்சம் பொறுங்க. கேடயக்காரன் எங்குட்டுப் போறான்னு பாத்துக்கிட்டு வாங்கலாம்."

"நான்தான் சொல்றேன்ல மாப்ளே."

"மச்சான் சொல்லி எது நடந்துருக்கு ஆச்சி? விசிடிதான் கடைசி, டிவிடி நிக்காதுன்னாக. நின்னுச்சா இல்லையா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆச்சியும் சிரித்துவிட்டார்கள். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் தனியாக இருந்து சொல்லியிருந்தால் மருதுபாண்டியும் சேர்ந்து சிரித்திருப்பார். பெரிய இடத்து மனுஷி முன்னால், தான் கொடுத்த வாக்கைத் தன் மாப்பிள்ளையே தட்டிவிட்டானே என்று முகம் கறுத்துப் போனது. வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு ஏற்றிய சூடம் குலசாமி கருப்பன் படத்துக்கு முன்னால் தட்டில் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போனார், எரிகிற சூடத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"கேடயக்காரன் மட்டும் அங்குட்டுப் போனான்னா, ஒங்க வீட்டுப் படிய மிதிக்கிறதில்ல. மிதிச்சா நான் ஒரு அப்பனுக்குப் பொறந்தவன் இல்ல. கருப்பன் மேல சத்தியம்."

"அட முருகா, சினிமாத் தட்டுக்கா கருப்பன இழுக்குறது? வாயக் கழுவுப்பா" என்றார்கள் ஆச்சி. சொல் வெளியே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததைக்கூட இல்லை என்று சாதித்துவிடுவார்கள். சூடத்தில் அடித்ததை இல்லை என்று சாதிக்க முடியாது. அடித்தவன் அதிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

மார்கழி பாதியில் அந்தச் செய்தி வந்தது. பிரவுசிங் சென்டர் பையன் இரண்டு தரம் வாசித்தான். கேடயக்காரன் இனிமேல் புளூரே மட்டும்தான். மருதுபாண்டி மூன்றாவது தரமும் வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷில் வேறு மாதிரி அர்த்தம் இருக்குமோ என்று கேட்டார். அந்தப் பையன் பாவம், இல்லை அண்ணே என்றான்.

கோபிநாத் நல்லவன். குத்திக்காட்டவில்லை. இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவர் முன்னால் வைத்தான். "விடுங்க மச்சான். கோவத்துல அடிச்ச சூடமெல்லாம் கணக்குல சேராது. தையில விசாலிக்குக் காது குத்தணும், வீட்டுக்கு வாங்க, ஒக்காந்து பேசுவோம்" என்றான். மருதுபாண்டி டீயைக் குடித்தார், வீட்டுக்குப் போகவில்லை. கருப்பன் சும்மா விடமாட்டான், சத்தியம் தப்பினால் பிள்ளைகளைப் பிடிப்பான் என்று பயம். பயத்துக்கு அடியில் வெட்கம். எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

காது குத்து என்றால் தாய்மாமன் இல்லாமல் இல்லை. மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். மாமன் கொண்டுவருகிற சீர்த்தட்டுத்தான் அன்றைக்கு முன்னால் போகும். அப்பன் வராவிட்டாலும் நடக்கும், மாமன் வராவிட்டால் நடக்காது. செந்தாமரைக்கு அண்ணனைத் தவிரப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. அவளே ஒருநாள் கடைக்கு வந்தாள். கைப்பிள்ளையைப் போல விசாலியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"அண்ணே, காது குத்த வீட்டுல வச்சுக்கல. குன்றக்குடி மலையில வச்சுக்கிறோம். அங்க எங்க வீட்டுப் படி ஒண்ணும் இல்லல்ல? ஒங்க சத்தியமும் கெடாது. வந்துருங்க."

"அவுக வீட்டுல ஒத்துக்கிட்டாகளா?"

"நான் ஒத்துக்க வச்சேன்" என்றாள்.

வீட்டு விசேஷத்தை வாசலை விட்டு வெளியே கொண்டுபோக ஒரு மருமகள் எவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டும் என்பது பெண்களுக்குத் தெரியும். மருதுபாண்டி அதை நினைத்துப் பார்க்கவில்லை. வருகிறேன் என்று தலையை ஆட்டினார். பட்டுப் பாவாடை, தங்கத்தோடு, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு என்று ஒரு குறையும் இல்லாமல் வாங்கினார். பொன்னுத்தாயியும் பங்காளிகளும் பின்னால் வர, மலையடிவாரத்தில் வந்து இறங்கினார்.

அங்கே கோபிநாத்தின் பெரியப்பா முத்துக்கருப்பன் நின்றிருந்தார். சம்பந்தி வீட்டு ஆட்களைக் கேலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "வா மருது. கேடயக்காரன் சொகமா இருக்கானா?" என்றார். சுற்றி நின்ற ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். சூடம் அடித்த கதை அதற்குள் கழனிவாசல் முழுக்கப் பரவியிருந்தது.

மாமன் மச்சான் கேலிதான். வேறு ஒருநாள் என்றால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்கு மலையை நிமிர்ந்து பார்த்தார். மேலே முழுக்க இந்தச் சிரிப்புத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. சீர்த்தட்டைப் பொன்னுத்தாயி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவள் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தாள். "மேல ஒங்க தங்கச்சி காத்துக்கிட்டு நிப்பாய்யா" என்று கெஞ்சினாள். கையை உதறிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கருப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலையில் வாசற்படி கிடையாது. ஏறியிருக்கலாம்.

மேலே நல்ல நேரம் முடிகிற வரைக்கும் செந்தாமரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் சித்தப்பா மகன் முத்துவீரனை உட்கார வைத்து, அவன் மடியில் வைத்துக் குத்தினார்கள். உடன்பிறந்த அண்ணன் உயிரோடு, நல்ல திடத்தோடு, உள்ளூரில் இருக்கும்போது அடுத்தவன் மடியில். பிள்ளை அழுததைவிடத் தாய் அழுததுதான் அதிகம் என்று பொன்னுத்தாயி வந்து சொன்னாள்.

மறுநாள் செந்தாமரை கடைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, ரோட்டிலேயே நின்றாள்.

"மாமா ஏன் வரலைன்னு புள்ள கேட்டுச்சு. காய்ச்சல்னு சொல்லியிருக்கேன். பொய் சொல்ல வச்சுட்டீகளேண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் டிஸ்க்குகளை அடுக்குகிறது மாதிரிக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது ரோட்டில் அவள் இல்லை.

அடுத்த மாதமே ஹெச்டி டிவிடியைக் கண்டுபிடித்த கம்பெனி, போதும் சாமி என்று அதைச் செய்வதையே விட்டுவிட்டது. சண்டை போட்டவர்கள் கை குலுக்கிக்கொண்டு அடுத்த வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். உருண்டைக்காரனும் மலைக்காரனும் கூச்சமே இல்லாமல் புளூரேயில் படம் போட்டார்கள். கட்சி மாறின எவனும் யாரிடமும் பேச்சை நிறுத்தவில்லை. செக்காலை ரோட்டில்தான் கடை இரண்டானது. கோபிநாத் தனியாக அம்மன் சன்னதிப் பக்கம் போனான். சரி, ஜெயித்தவனாவது நன்றாக இருந்தானா என்றால் அதுவும் இல்லை. கொஞ்ச காலத்தில் ஜனங்கள் டிஸ்க்கையே மறந்து போனில் படம் பார்க்கத் தொடங்கினார்கள். அவன் கடையை மூடிவிட்டு வீடுகளுக்குக் கேமரா மாட்டப் போனான். இவர் கடையை மூடிவிட்டுத் தண்ணீர் கேன் போட்டார். எதற்காகச் சண்டை வந்ததோ அந்தப் பொருளே உலகத்தில் இல்லை. சண்டை மட்டும் இருந்தது.

பொங்கல் சீரை மட்டும் மருதுபாண்டி ஒரு வருஷமும் விடவில்லை. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை எல்லாவற்றையும் அக்கம்மாள் என்று ஒரு தூரத்துச் சொந்தக்காரியிடம் கொடுத்து அனுப்புவார். செந்தாமரை அதை வாங்கி வைத்துக்கொள்வாள். அக்கம்மாளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டாள்.

சத்தியத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. மாசியில் குலசாமி கோயிலில் நடக்கிற களரித் திருவிழாவில் கருப்பனுக்குக் கிடா வெட்டி, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று விழுந்து கும்பிட்டால் சாமியாடிக் குறிசொல்கிற கோடாங்கி திருநீறு போட்டுச் சத்தியத்தை இறக்கி விடுவார். கொலைகாரனுக்கே இறக்கி விட்டிருக்கிறார்கள். பொன்னுத்தாயி வருஷா வருஷம் சொல்லுவாள். மருதுபாண்டி வருஷா வருஷம் களரிக்குப் போவார். ஊர்ஜனம் முழுக்கக் கூடி நிற்கிற இடத்தில், கேடயக்காரனுக்காகச் செய்த சத்தியம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமே. அதை நினைத்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அடுத்த மாசிக்குப் பார்ப்போம் என்பார். அப்படியே விசாலி பெரிய மனுஷியானாள். தாய்மாமன் சடங்குத் தட்டும் அக்கம்மாள் கையில்தான் போனது. பிறகு விசாலி கல்லூரிக்கும் போனாள்.

போன ஐப்பசியில் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் தங்கையைப் பார்த்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. இவரைப் பார்த்ததும் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். இவர் இரண்டடி எடுத்து வைத்தார். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான். அவள் தலையை வெளியே நீட்டி, திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயியிடம் சொன்னார். "ரொம்ப மெலிஞ்சு போயிருக்கா."

"இன்னைக்கே போய்ப் பாருங்க. சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"மாசி வரட்டும். இந்தக் களரியில கண்டிப்பா எறக்கி வச்சுட்டு நேரா அவ வீட்டுக்குத்தான் போறேன்." இந்தத் தடவை உண்மையாகவே சொன்னார். கிடாக்குட்டிகூட வாங்கிக் கட்டிவிட்டார்.

பொங்கல் சீர் கொண்டுபோன அக்கம்மாள் இந்த வருஷம் முகம் வாடித் திரும்பி வந்தாள். "படுக்கையில கெடக்கு தம்பி. வயித்துல கட்டியாம், மதுரையில காட்டிட்டுக் கொண்டாந்துட்டாக. அண்ணன் நல்லா இருக்காகளான்னு கேட்டுச்சு."

அவள் வாய் திறந்து கேட்டனுப்பியது அதுதான் முதல் தடவை. "வரச் சொன்னாளா?" என்றார்.

"நான் கூட்டியாரட்டுமான்னு கேட்டேன். வேணாம், அண்ணன் சத்தியக்காரவுக, கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதீகன்னு சொல்லிருச்சு."

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். எந்தக் கருப்பன் குறுக்கே வந்து நிற்கப்போகிறான்? மனுஷர் எழுந்தார், சட்டையைப் போட்டார், செருப்பை மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் கொட்டிலில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்தார். களரிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, இப்போது அவசரப்பட்டு சத்தியத்தை முறித்துக்கொண்டு போனால், நோயில் கிடக்கிற தங்கை மேல் கருப்பன் கோபம் திரும்பினால் என்ன செய்வது என்று நினைத்தார். சட்டையைக் கழற்றிப் போட்டார். அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அன்றைக்கு உண்மை அதுதான்.

தை முடிவதற்குள் ஒரு காலையில் போன் வந்தது. அந்தக் குரலை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"மச்சான், செந்தாமரை போயிட்டா" என்றான் கோபிநாத். "பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டாரணும்."

பெண்ணாய்ப் பிறந்தவள் எந்த வீட்டில் வாழ்ந்திருந்தாலும், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் அவளை எடுக்க மாட்டார்கள். ஜவுளிக்கடைக்குப் போனார். எந்த நிறம் எடுப்பது என்று கடைக்காரர் கேட்டபோது நின்றுவிட்டார். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சேலை அனுப்பியிருக்கிறார். எதையும் அவள் உடுத்தி இவர் பார்த்ததில்லை. முத்துவீரன்தான் ஒரு மாம்பழ மஞ்சளை எடுத்துக் கொடுத்தான்.

கொட்டுக்காரர்கள் முன்னால் போக, பங்காளிகளோடு கோடித்தட்டை ஏந்திக்கொண்டு கழனிவாசல் தெருவுக்குள் நுழைந்தார். வழி முழுக்க அந்தப் படியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். மிதிக்கத்தான் போகிறேன், கருப்பன் என்ன செய்கிறானோ செய்துகொள்ளட்டும் என்று முடிவு பண்ணியிருந்தார். வீட்டுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. செந்தாமரை வீட்டுக்குள் இல்லை. தெருவில், பந்தல்கூட முழுசாகப் போட்டு முடியாத இடத்தில், பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கால் பக்கம் வெயில் விழுந்துகொண்டிருந்தது. விசாலி தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாப்ளே, புள்ளைய இப்படித் தெருவுல போட்டு வச்சுருக்கீக?" என்றார்.

கோபிநாத் தலை நரைத்துப் போயிருந்தான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"அவதான் மச்சான் சொன்னா. உசுரு போனதும் என்னைய வெளிய கொண்டாந்து வச்சுருங்க, அண்ணன் கோடி கொண்டாருவாக, படி ஏற மாட்டாகன்னா. நேத்து ராத்திரிகூட மறந்துறாதீகன்னு சொன்னா. வெள்ளனவே கொண்டாந்து வச்சுட்டோம்."

மருதுபாண்டி தட்டை அப்படியே முத்துவீரன் கையில் கொடுத்தார். பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "உள்ள கொண்டு போவோம் மாப்ளே. நான் ஏறி வாரேன். அவள உள்ள கொண்டு போவோம். வெயில்ல கெடக்காளே" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். பெஞ்சைத் தூக்கவும் பார்த்தார்.

முத்துக்கருப்பன் பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். மலையடிவாரத்தில் கேலி பேசிய அதே மனிதர், இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்தார்.

"மருது, வெளிய எடுத்ததத் திருப்பி உள்ள கொண்டுபோறது இல்லப்பா. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். மருதுபாண்டி பெஞ்சை விட்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து, தெருவைக் கடந்து, வாசலுக்குப் போனார். படியில் கால் வைத்தார். ஏறினார். கொட்டு நின்றிருந்தது.

வீட்டுக்குள் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் தெருவில் நின்றார்கள். பின்னால் இரண்டு அறை புதிதாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அவர் பார்த்த வீடு அல்ல அது. எந்த அறையில் அவள் படுத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். அடுப்படியில் யாரோ வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. வாங்க என்று கேட்க ஆள் இல்லை, உட்காருங்க என்று சொல்ல ஆள் இல்லை. நடுவீட்டுக்குத் திரும்பி வந்து நின்றார்.

"செந்தாமரை, அண்ணன் வந்துருக்கேன்" என்றார்.

அவள் வெளியே, தெருவில், அவருக்காகப் படுத்திருந்தாள்.